ஆர்டுயினோ ஊனோ கிட்டைக் கொண்டு மின்னணுவியலும் நிரலாக்கமும் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் கிட்டை வாங்கியவர்களும், தம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோர்களும், பள்ளியில் இதைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையைக் கொண்டு தரப்பட்டுள்ளன.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது என்ன? அது கணினியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்வதற்கான முனைகள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லுக்குள் கொண்ட மிகச் சிறிய கணினியே மைக்ரோகண்ட்ரோலர். வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இருந்து வேலை செய்வது இதுதான். ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பில் உள்ள ஏடிமெகா328பி சில்லு, நிரலைச் சேமிக்க 32 கிலோபைட்டும், நிரல் ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட்டும் நினைவகம் கொண்டு, 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் இவை அற்பமான அளவுகள்தான். ஆனால் இதில் இயங்குதளம் என்று எதுவும் இல்லை. மின்சாரம் கொடுத்தவுடன் நீங்கள் எழுதிய ஒரே ஒரு நிரல் தொடங்குகிறது. மின்சாரம் இருக்கும்வரை அது மட்டுமே ஓடுகிறது. உங்கள் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் வெளியே ஒரு கம்பியில் என்ன நடக்கிறது என்பதை நேரடியாகக் காண முடிவதுதான் கற்பவருக்கு இதனால் கிடைக்கும் பெரும் நன்மை.

எத்தனையோ பலகைகள் இருக்க, ஊனோவில் ஏன் தொடங்க வேண்டும்?

ஆர்டுயினோ, 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் வடக்கே உள்ள இவ்ரேயா நகரின் வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் உருவானது. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்துபார்க்க வேண்டும் என்பதற்காக மாசிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும் அதை உருவாக்கினார்கள். அதே நிறுவனத்தில் எர்னாண்டோ பாரகன் என்ற மாணவர் அதற்கு முன்பே உருவாக்கியிருந்த வயரிங் என்னும் தளம் அதற்கு அடித்தளமாக அமைந்தது. தொடக்கத்திலிருந்தே பலகையின் வரைபடங்களும் மென்பொருளும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டன. 2010-இல் ஊனோ வந்தது. அன்றிலிருந்து இதைப் பயன்படுத்தியவர்கள் எண்ணற்றோர் என்பதால், நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கலை ஏற்கெனவே ஒருவர் சந்தித்து, தீர்த்து, எழுதியும் வைத்திருப்பார்.

வேறொரு காரணமும் உண்டு. என் பார்வையில் அதுவே முதன்மையானது. ஊனோ 5 வோல்ட்டில் இயங்குகிறது, சிறு தவறுகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. புதிய பலகைகள் பலவும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றின் முனையில் தவறுதலாக 5 வோல்ட் பட்டால் சில்லே பழுதாகக்கூடும். தவறு செய்துதான் கற்க முடியும் என்ற நிலையில், தவறைப் பொறுத்துக்கொள்ளும் பலகைதான் தொடக்கத்துக்கு ஏற்றது. 2023-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் வேகமும் நினைவகமும் பல மடங்கு கூடியிருந்தாலும், அதன் ஒரு முனையிலிருந்து எடுக்கத்தக்க மின்னோட்டம் 8 மில்லி ஆம்பியர்தான். மூன்றாம் பதிப்பில் 20 மில்லி ஆம்பியர்வரை எடுக்கலாம். பழைய பாடங்களில் உள்ள சுற்றுகளை நான்காம் பதிப்பில் அப்படியே அமைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எந்த வயதில் தொடங்கலாம்? முன்னறிவு வேண்டுமா?

எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும், கூட்டல், கழித்தல், வகுத்தல் கணக்குகளைத் தயங்காமல் போடவும் தெரிந்தால் போதும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பிபிசி 2016-இல் பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்காகக் கொண்டுவந்த மைக்ரோபிட் பலகை இன்னும் பொருத்தமானது. அதில் விளக்குகளும் பொத்தான்களும் பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளன; கட்டங்களை இழுத்து அடுக்கியே நிரல் எழுதலாம்.

பிள்ளை தமிழ்வழியில் படிக்கிறாள். நிரல் ஆங்கிலத்தில் இருப்பது தடையாகுமா?

ஆகாது. தொடக்க நிலையில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு. ஒருமுறை மட்டும் நடக்க வேண்டியவற்றை ‘செட்டப்’ என்ற பகுதியிலும், ஓயாமல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியவற்றை ‘லூப்’ என்ற பகுதியிலும் எழுத வேண்டும் என்பது புரிந்துவிட்டால் பாதிக் கடல் கடந்த மாதிரி. நிரலை எழுதும் முன், ‘பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் விளக்கை எரியவிடு, இல்லாவிட்டால் அணைத்துவிடு’ என்று தமிழில் தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். எண்ணம் தெளிவாக இருந்தால் அதை நிரல்மொழிக்கு மாற்றுவது எளிது. எண்ணமே குழம்பியிருந்தால் எந்த மொழியும் உதவாது. நிரலுக்குள் எழுதும் குறிப்புரைகளையும் தமிழிலேயே எழுதலாம், நிரலை எழுதிப் பலகையில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும்.

கிட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? சென்சார்கள் நிறைந்த பெரிய கிட்டை வாங்குவது நல்லதா?

பலகை, யூஎஸ்பி கேபிள், பற்றவைக்காமலே துளைகளில் செருகிச் சுற்று அமைக்க உதவும் பிரெட்போர்டு ஒன்று, அதில் செருகும் ஜம்பர் கம்பிகள், சில எல்இடி விளக்குகள், 220 ஓம், 10 கிலோ ஓம் மதிப்புகளில் மின்தடை தரும் ரெசிஸ்டர்கள், சில பொத்தான்கள், திருகிக் கூட்டிக் குறைக்கும் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்று, வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் ஒன்று, ஒலி எழுப்பும் பஸ்ஸர் ஒன்று, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய செர்வோ மோட்டார் ஒன்று. இவை பல மாதங்களுக்குப் போதும். முப்பது, நாற்பது சென்சார்கள் அடங்கிய பெட்டியைப் பார்த்தால் ஆசை வருவது இயல்புதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய பலகைகளில் முன்பே இணைத்துத் தரப்படுபவை. மூன்று கம்பிகளைச் செருகினால் எண் வந்துவிடும், அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியாமலே போய்விடும். அந்தப் பணத்தில், மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். கிட்டுகளில் பெரும்பாலும் இல்லாததும், கற்பவருக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் இவை அனைத்தையும் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

அசல் பலகைக்குப் பதிலாக விலை குறைந்த பலகையை வாங்கலாமா?

வாங்கலாம். வடிவமைப்பு திறந்துவிடப்பட்டது என்பதால், ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தாதவரை அதேபோன்ற பலகையை எவரும் செய்து விற்கலாம். இவற்றில் பலவற்றில் யூஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 என்ற சில்லு பயன்படுகிறது. சில கணினிகளில் அதற்கான டிரைவரை நிறுவிய பிறகே பலகை தென்படும். கேபிளையும் கவனியுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் உதவும் கேபிளைச் செருகினால் பலகையின் விளக்கு எரியும், ஆனால் தரவுக் கம்பிகள் இல்லாததால் கணினிக்குப் பலகை தெரியாது. பலகை பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு மின்சாரம் தாக்குமா?

யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் உடலைத் தாக்காது. ஆனால் 5 வோல்ட் முனையையும் கிரவுண்டு எனப்படும் பூஜ்ய வோல்ட் முனையையும் நேரடியாகக் கம்பியால் இணைத்துவிட்டால் கம்பி சூடாகும்; ஊனோவில் உள்ள தானாக மீளும் ஃபியூஸ், மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது இணைப்பைத் துண்டித்து, கணினியின் யூஎஸ்பி துளையைக் காக்கும். சுற்றை மாற்றும்போதெல்லாம் கேபிளைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

கிட்டில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இன்னொரு சுற்றை இயக்கும் சுவிட்ச்) இருந்தால், அதைக் கொண்டு வீட்டின் 230 வோல்ட் விளக்கை இயக்கிப் பார்க்கலாம் என்று பல காணொளிகள் சொல்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது. பிரெட்போர்டும் ஜம்பர் கம்பியும் அந்த மின்னழுத்தத்துக்கானவை அல்ல, உயிருக்கு ஆபத்து. ரிலேயின் வேலையைப் புரிந்துகொள்ள அது ‘டக்’ என்று மாறும் ஒலியும், அதன் வழியே பேட்டரியில் எரியும் ஓர் எல்இடியும் போதும்.

எல்இடியோடு ரெசிஸ்டரை ஏன் சேர்க்க வேண்டும்? இல்லாமலும் எரிகிறதே?

எரியும், அதனால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. சாதாரண குண்டு பல்பு தன் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்பதைத் தன் இழையின் மின்தடையால் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. எல்இடி அப்படிப்பட்டதல்ல. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எட்டியதும் கடத்தத் தொடங்குகிறது. அதன் பிறகு மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. அதைத் தடுத்து நிறுத்த வெளியிலிருந்து ஒரு மின்தடை தேவை.

கணக்கு எளிது. முனை தருவது 5 வோல்ட். எல்இடி எடுத்துக்கொள்வது 2 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட் ரெசிஸ்டரின் மீது விழும். ஓம் விதிப்படி 3-ஐ 220-ஆல் வகுத்தால் 0.0136 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர். ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கத்தக்க 20 மில்லி ஆம்பியருக்குள் இது அடங்குகிறது. 40 மில்லி ஆம்பியர் என்பது ஏடிமெகா சில்லின் முனை ஒன்றுக்கான இறுதி எல்லை. ரெசிஸ்டர் இல்லாத எல்இடி உடனே கருகாமல் சில நாள் எரிந்தாலும், அந்த முனை தன் எல்லைக்கு அப்பால் உழைத்துக்கொண்டிருக்கும்.

இதைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். 220 ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓமையும், பிறகு 10 கிலோ ஓமையும் போட்டு, ஒவ்வொரு முறையும் எல்இடியின் இரு காலுக்கும் இடையேயும் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையேயும் மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள். எல்இடியின் மீதான மின்னழுத்தம் சற்றே குறைந்தாலும் 2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதையும், வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போவதையும் காண்பீர்கள். பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஓம் விதி கண்முன் வேலை செய்வதைப் பார்க்கும் மாணவருக்கு அது இனி மறக்காது.

பொத்தானைத் தொடாமலேயே விளக்கு தானாக எரிந்து அணைகிறது. பலகை பழுதாகிவிட்டதா?

இல்லை. பொத்தான் அழுத்தப்படாதபோது அந்த முனை எதனோடும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் இருக்கிறது. உள்ளீட்டு முனையின் மின்தடை மிகவும் அதிகம் என்பதால், சுவரில் ஓடும் மின்கம்பிகளின் தாக்கமும், அருகே வரும் உங்கள் கையும்கூட அதை மேலும் கீழும் அசைத்துவிடப் போதுமானவை. முனையில் செருகிய வெறுங்கம்பியின் பக்கத்தில் கையைக் கொண்டுசென்று பாருங்கள், மாற்றம் தெரியும்.

தீர்வு, அழுத்தப்படாத நேரத்தில் அந்த முனை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு ரெசிஸ்டர் மூலம் உறுதிசெய்வது. சில்லுக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான மின்தடை இதற்கென இருக்கிறது. ‘பின்மோட்’ கட்டளையில் ‘இன்புட் புல்அப்’ என்று குறிப்பிட்டால் அது இயங்கத் தொடங்கும். முனை இயல்பாக 5 வோல்ட்டில் நிற்கும். பொத்தானின் மறுபக்கத்தைக் கிரவுண்டில் இணைத்துவிட்டால், அழுத்தும்போது முனை பூஜ்யத்துக்கு இறங்கும். ஆகவே, அழுத்தாதபோது ‘ஹை’, அழுத்தும்போது ‘லோ’ என்று நிரலில் தலைகீழாக எழுத வேண்டும்.

மாறாக, பொத்தானை அழுத்தாமலே எப்போதும் அழுத்தியதாகவே காட்டினால், பொத்தானைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள் என்று பொருள். அதன் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள் எப்போதுமே இணைந்திருப்பவை. பிரெட்போர்டின் நடுப்பள்ளத்தின் மீது அதை வைத்து, குறுக்கும் மூலையுமாக எதிரெதிரே உள்ள இரு கால்களைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராது.

ஒருமுறை அழுத்தினால் மூன்று நான்கு முறை எண்ணுகிறதே?

பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு படும் கணத்தில் சில மில்லி விநாடிகள் துள்ளுகிறது. மனிதருக்குத் தெரியாத அந்தத் துள்ளல் 16 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்குத் தெளிவாகத் தெரியும். முதல் மாற்றத்தைக் கண்டதும் 20 முதல் 50 மில்லி விநாடிவரை பொறுத்து மீண்டும் படித்தால் சரியாகும்.

மோட்டாரை முனையோடு நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. சிறிய டிசி மோட்டாருக்குக்கூட நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் தேவைப்படலாம். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரோ, மோட்டாரை இயக்கவென்றே உள்ள எல்293டி போன்ற டிரைவர் சில்லோ இடையில் வேண்டும். டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தினால் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை மோட்டாரின் குறுக்கே தலைகீழாக இணையுங்கள். மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் சுருளிலிருந்து எழும் உயர் மின்னழுத்தத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். 9 வோல்ட் சதுர பேட்டரியில் மோட்டாரையும் செர்வோவையும் ஓட்ட முயலாதீர்கள். தேவையான மின்னோட்டத்தை அதனால் தர முடியாது, பலகை அடிக்கடி ரீசெட் ஆகும்.

ஒரு விளக்கு மினுங்கும்போது பொத்தான் வேலை செய்ய மறுக்கிறது. ஏன்?

‘டிலே’ கட்டளைதான் காரணம். ஒரு விநாடி காத்திரு என்று சொன்னால், சில்லு அந்த ஒரு விநாடியும் அடுத்த வரிக்கு நகராமல் அங்கேயே நிற்கிறது. அந்த நேரத்தில் அழுத்தப்பட்டு விடப்பட்ட பொத்தானை அது பார்ப்பதே இல்லை. பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும் ‘மில்லிஸ்’ என்ற கட்டளை இதற்குத் தீர்வு. விளக்கைக் கடைசியாக மாற்றிய நேரத்தைக் குறித்துவைத்து, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, விடை ஆயிரத்தை எட்டியிருந்தால் மட்டும் விளக்கை மாற்ற வேண்டும். இல்லையென்றால் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

அந்த நேரத்தை ‘இண்ட்’ வகை மாறியில் சேமிக்காதீர்கள். ஊனோவில் அது 32,767-க்கு மேல் கொள்ளாது என்பதால் நிரல் 32 விநாடிக்குப் பிறகு தடுமாறும். ‘அன்சைன்டு லாங்’ வகையில் சேமித்தால் ஏறத்தாழ 50 நாள் ஓடும். அதன் பிறகு எண் பூஜ்யத்துக்குத் திரும்பினாலும், கழித்துப் பார்க்கும் முறையில் எழுதியிருந்தால் விடை பிசகாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லை. தவறு நிரலிலா, சுற்றிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கிட் கற்றுத்தரும் மிகப் பெரிய திறமை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினால் ஒருவேளை வேலை செய்யும், ஆனால் எதனால் கெட்டது என்பது தெரியாது. சந்தேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

8-ஆம் முனையில் இணைத்த எல்இடி எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மென்பொருளோடு வரும் ‘பிளிங்க்’ எடுத்துக்காட்டைப் பலகையில் ஏற்றுங்கள். பலகையிலேயே பதிக்கப்பட்ட, 13-ஆம் முனைக்கு உரிய விளக்கு மினுங்கினால், கணினி, கேபிள், பலகை மூன்றும் சரியாக உள்ளன. அடுத்து, 8-ஆம் முனையில் செருகிய கம்பியை மட்டும் எடுத்து 5 வோல்ட் முனையில் செருகுங்கள். இப்போது எல்இடி எரிந்தால் சுற்று சரி. தவறு நிரலில், பெரும்பாலும் முனை எண்ணில் அல்லது அதை ‘அவுட்புட்’ என்று அறிவிக்க மறந்ததில் இருக்கும். எரியவில்லையென்றால் நிரலைப் பார்க்கவே வேண்டாம். எல்இடியின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருக்கிறதா, கம்பியும் ரெசிஸ்டரும் பிரெட்போர்டின் அதே ஐந்து துளை வரிசையில் செருகப்பட்டிருக்கின்றனவா, ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் மின்கோடு நடுவில் துண்டிக்கப்பட்ட வகையா என்று பாருங்கள். சில நீண்ட பிரெட்போர்டுகளில் அந்தக் கோடு பாதியிலேயே நின்றுவிடும், பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.

நிரல் பக்கத்துக்கு வந்தால், பலகை அனுப்புவதைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டர்தான் உங்கள் கண். சென்சாரிலிருந்து படித்த மதிப்பை அதில் அச்சிடுங்கள். அனலாக் முனை தரும் எண் 0 முதல் 1023 வரை மாறும். கையால் எல்டிஆரை மூடியும் அது மாறவில்லையென்றால் சுற்றைப் பாருங்கள், மாறியும் விளக்கு எரியவில்லையென்றால் நிரலின் நிபந்தனையைப் பாருங்கள். திரையில் புரியாத குறிகள் வந்தால் நிரலில் எழுதிய வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் வெவ்வேறாக இருக்கும். 0, 1 ஆகிய முனைகளில் எதையும் இணைக்காதீர்கள். கணினியோடு பேசும் வழி அவைதான் என்பதால் நிரலை ஏற்றுவதே தடைபடக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றும் முன் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதிவையுங்கள்.

பிழைச்செய்தி காட்டும் வரியில் எந்தப் பிழையும் இல்லையே?

அரைப்புள்ளியை விட்டிருந்தால் நிரல்பெயர்ப்பி அதை அடுத்த வரியில்தான் உணர்கிறது. ஒரு வரி மேலே பாருங்கள். ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டால் பிழைச்செய்தியே வராமல் நிரல் தவறாக ஓடும். கண்டுபிடிக்கக் கடினமானது இந்த வகைதான்.

நிரலை இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ பெற்றுக்கொண்டால் கற்றதாகுமா?

பெற்றுக்கொள்வதில் தவறில்லை, அதோடு நிறுத்துவதுதான் தவறு. பெற்ற நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, மாற்றிப் பார்த்து, சொன்னது நடந்ததா என்று சரிபார்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் அந்த இடத்தில்தான் உங்கள் அடுத்த பாடம் இருக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களை மதிப்பிடும்போதும், ஓடுகிற கருவியைக் காட்டச் சொல்வதோடு நில்லாமல், ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு எது கெட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

கிட் கைக்கு வரும்வரை எதுவும் செய்ய முடியாதா?

டிங்கர்கேட் தளத்தில் உலாவியிலேயே ஊனோ சுற்றுகளை இலவசமாக அமைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தளர்ந்த கம்பியும் துள்ளும் பொத்தானும் அங்கே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

செடிக்குத் தானாக நீர் ஊற்றும் கருவியை முதல் திட்டமாகச் செய்யலாமா?

நல்ல தேர்வு, ஆனால் மண்ணில் குத்தும் இரட்டைக் கால் ஈரப்பத சென்சார் தொடர்ந்து மின்னோட்டம் பாய்ந்தால் மின்னாற்பகுப்பால் விரைவில் அரித்துப்போகும். அதன் மின்சாரத்தை ஒரு டிஜிட்டல் முனையிலிருந்து கொடுத்து, படிக்கும் கணத்தில் மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் மின்தேக்க வகை சென்சாரை வாங்குங்கள், அதன் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. பம்பைச் சேர்ப்பதற்கு முன், காய்ந்த மண்ணிலும் நீர் ஊற்றிய மண்ணிலும் என்ன எண் வருகிறது என்று சில நாள் குறித்து வாருங்கள். எந்த எண்ணில் நீர் ஊற்ற வேண்டும் என்பதை உங்கள் தொட்டியின் மண்தான் சொல்லும்.

ஊனோவுக்குப் பிறகு எதற்குப் போகலாம்?

வைஃபை தேவைப்படும்போது இஎஸ்பி32 பலகைக்கும், பைத்தான் மொழியில் எழுத விரும்பினால் 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவுக்கும் போகலாம். இரண்டின் முனைகளும் 3.3 வோல்ட்டுக்கானவை. எனவே, தொலைவை அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 போன்ற 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை அப்படியே இணைக்காமல், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக அமைத்து, 2 கிலோ ஓமின் ஒரு முனை கிரவுண்டில் இருக்க, இரண்டும் சேரும் இடத்திலிருந்து பலகைக்குக் கம்பி எடுக்க வேண்டும். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் மட்டுமே முனைக்குப் போய்ச் சேரும்.